முத்து அண்ணன் மேசையில் இரண்டு நாற்காலிகள்

“படகு வேணாமாம். எடம் வேணாமாம். வீட்டுக்காரி கழுத்துல கெடக்கறதும் வேணாமாம். இந்த மேசை மட்டும் போதுமாம், மா மேரி!”

முத்து அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ரங்கூன் ஆற்றின் போட்டாதாங் கரையில் அவர் குத்தகைக்கு எடுத்திருந்த சின்னப் படித்துறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அவர் தட்டிக் காட்டிய மேசையை இனாமாகக் கொடுத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள். ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக் கொடுத்தது ஒரு செங்கல். மேலே ஒரு பிஸ்கட் டின், ஒரு வெற்றிலைத் தட்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவிலிருந்து கீரையும் புடலங்காயும் கொண்டுவரும் பெண்கள், அரிசி மூட்டை ஏற்றிவரும் படகுக்காரர்கள், எல்லோரும் அந்த மேசையைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைய வேண்டும். இறங்கு கூலி வாங்குவது அங்கே. அவருடைய வருமானம் முழுவதும் அந்தப் பிஸ்கட் டின்னுக்குள்தான்.

அவருக்குக் கடன் கொடுக்க இரண்டு வெளிநாட்டுக் கம்பெனிகள் போட்டி போட்டன. இரண்டுமே பிணையாகக் கேட்டது ஒன்றே ஒன்று: கடன் அடையும்வரை அந்த மேசையில் தங்கள் ஆள் உட்கார ஒரு நாற்காலி.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மாண்டலேயின் கடைசி அரசர் ராஜ்யம் இழந்த கதையைத்தான் அந்த வாரம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். ரயிலும் வங்கியும் பீரங்கிக் கப்பலும் வருகிற அவ்வளவு பெரிய கதை, செங்கல் வைத்த இந்த மேசையில் அடங்கிவிடும்போல் இருந்தது. இதை எழுத வேண்டும் என்று முதன்முதலில் தோன்றியது அப்போதுதான். எழுத உட்கார இத்தனை காலம் ஆயிற்று.

‘ஓய்வுபெற்றோர் அனுபவம்’ என்ற பகுதிக்கு நம் ரங்கூன் தமிழர் ஆண்டு மலர்க் குழு என் பெயரைப் போட்டபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. ஆனால் யோசித்துப் பாருங்கள், துறைமுகத்தை ஒட்டிய ஸ்ட்ராண்ட் ரோட்டில் என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் பாங்காக்கில் இருக்கிறார்கள். மீதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இறக்குமதி சுருங்கி, எங்கள் கிளியரிங் ஆபீஸையே முதலாளி மூடிவிட்டார். ஆபீஸே ஓய்வுபெற்ற பிறகு நான் மட்டும் என்ன? இன்னும் அந்தத் தொழிலில் ஒட்டிக்கொண்டிருக்கும் தங்கைகள் போனில் கேட்கிறார்கள்: “அக்கா, சிவப்பு வந்துடுச்சு, என்ன செய்யறது?” அந்தக் கேள்வியைக் கேட்டாலே கால் தானாகத் துறைமுகத்துப் பக்கம் திரும்புகிறது. இப்போது கியாக்டடா வட்டாரத்தில் ஒரு டியூஷன் சென்டரில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். நல்ல வேலைதான். ஜன்னலுக்கு வெளியே கப்பல் ஊதினால் பாடம் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான் குறை.

வேலை கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்க அறிவிப்பு தயார் செய்து, வரி கட்டி, கொட்டகையிலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்பதுதான் கிளியரிங் ஆபீஸ் வேலை. நான் சேர்ந்தபோதே அறிவிப்புகள் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தன. பட்டனை அழுத்தினால் ஒரு நிறம் வரும். பச்சை என்றால் வரி கட்டிவிட்டு எடுத்துப் போகலாம். மஞ்சள் என்றால் தாள்களைக் காட்ட வேண்டும். சிவப்பு என்றால் பெட்டியைத் திறக்க வேண்டும். எல்லோரும் பச்சைக்கு வேண்டிக்கொள்வார்கள். நான் மட்டும் மனசுக்குள் சிவப்பு வரட்டும் என்று காத்திருப்பேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எப்படித் தூங்குவது?

எங்கள் பிரிவின் தலைவி டோ ரோசலின். பர்மிய வழக்கில் மூத்த பெண்ணின் பெயருக்கு முன் ‘டோ’, இளையவள் பெயருக்கு முன் ‘மா’. மிஷன் பள்ளியில் படித்து, பரம்பரையாகக் கணக்கு வேலை பார்த்த குடும்பம். என் குடும்பமும் அப்படித்தான். துறைமுகத்தில் எல்லோருக்கும் அவர் ‘சயாமா’, அதாவது டீச்சரம்மா. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தப்புச் செய்தவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் செய்ததை அவரிடமே வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். பாதி படிப்பதற்குள் வியர்த்துவிடும். எந்தத் தாளையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார்.

“மொதப் பக்கத்துல எல்லாரும் தங்கமானவங்கதான் மேரி. கடைசிப் பக்கத்துக்குப் போ. சாவி யார்கிட்ட இருக்குன்னு பாரு. அப்புறமா மேல வா.”

முத்து அண்ணன் எங்களுக்கு வாடிக்கையாளராக வந்தது மழைக்காலம் தொடங்கச் சற்று முன்பு. அப்பா தமிழர், அம்மா பர்மியர். வீட்டில் பர்மிய மொழி, எங்களிடம் வந்தால் தமிழ். பழைய இரும்பு மிதவை மேடை உடைந்து, படகுகள் சேற்றில் ஒதுங்கிக்கொண்டிருந்தன. புதிய மிதவை வேண்டும். மூட்டை தூக்க ஒரு சின்னக் கிரேனும் வேண்டும். மிதவை விற்கும் கம்பெனி ஒரு நாட்டிலிருந்தும் கிரேன் விற்கும் கம்பெனி இன்னொரு நாட்டிலிருந்தும் வந்தன. நான் இரண்டையும் வாங்கக் கடன் தருகிறேன், அவனிடம் போகாதே என்று அதுவும் சொன்னது, இதுவும் சொன்னது. இரண்டின் ஏஜென்ட்டுகளும் ஸ்ட்ராண்ட் ரோட்டில் எதிரெதிரே வந்தால்கூட முகம் பார்க்க மாட்டார்கள்.

இப்போது அந்த மேசையில் நடந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் எதை இழக்கவிருந்தார் என்பது புரியாது. டாலாப் பெண்கள் காலையில் வந்து இறங்கும்போது கையில் காசு இருக்காது. கூடை மட்டும் இருக்கும். மேசையைத் தாண்டும்போது, “திரும்பறப்போ, அண்ணே!” என்பார்கள். அவர் தலையை ஆட்டுவார். மாலையில் விற்று முடித்துத் திரும்பும்போது டின்னில் போட்டுவிட்டுப் படகில் ஏறுவார்கள். யார் போட்டார், யார் போடவில்லை என்று அவர் எழுதி வைத்துப் பார்த்ததில்லை. மழையில் காய் அழுகிப்போனால், “நாளைக்குப் பாத்துக்கலாம், போ” என்பார். அந்த வாசலில் இதைச் சொல்ல அவர் ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது.

மேசை கேட்டார்கள் என்று அவர் சொன்ன அன்று மாலை, அவரையும் டோ ரோசலினையும் டீக்கடைக்கு இழுத்துப் போனேன். சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, டீ ஆற ஆற, அரசர் கதை முழுவதையும் சொன்னேன். கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு மாண்டலே அரசருக்குக் கடல் இல்லை. ஆறு மட்டும் இருந்தது. ஆற்றில் ஏறி இறங்கும் சரக்குக்கு வாங்கிய சுங்கமும் எண்ணெய்க் கிணறுகளும்தான் கை வருமானம். கஜானா காலி. பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள்: ரயில் போட்டுத் தருகிறோம், வங்கி திறக்கிறோம், கடன் தருகிறோம், வட்டிக்கு ஆற்றுச் சுங்கத்தைக் காட்டுங்கள் என்றார்கள். அது கையெழுத்தானதா, பேச்சோடு நின்றதா என்று இன்றைக்கும் ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு காதில் விழுந்ததுமே ரங்கூனில் இருந்த ஆங்கிலேய வியாபாரிகள் கொதித்தார்கள். தேக்குமரத் தகராறு ஒன்று வெளியே சொல்லக் காரணமாகக் கிடைத்தது. அந்த வருஷம் முடிவதற்குள் ஆங்கிலேயக் கப்பல்கள் ஆற்றில் ஏறின. பிரான்ஸ் முணுமுணுத்ததோடு சரி.

“சீனாவுலயும் இதேதான், அண்ணே” என்று மூச்சு விடாமல் தொடர்ந்தேன். போரில் தோற்று, ஜப்பானுக்கு நஷ்டஈடு கட்ட வழியில்லாமல் சீனா நின்றபோது, ருஷ்யாவும் பிரான்சும் சேர்ந்து ஒரு கடன். பிரிட்டனும் ஜெர்மனியும் சேர்ந்து மறு கடன். பிணை, துறைமுகச் சுங்கம். சுங்கத்தின் தலைமை நாற்காலியில் ஏற்கெனவே ஒரு பிரிட்டிஷ்காரர் இருந்தார். எங்கள் வியாபாரம் பெரிதாக இருக்கும்வரை அந்த நாற்காலி எங்களுக்கே என்று பிரிட்டன் வாக்கு வாங்கிக்கொண்டது. அப்புறம் ஆளுக்கொரு துறைமுகம் எடுத்துக்கொண்டார்கள்.

முத்து அண்ணன் டீயைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சினார். 

“அந்த ராஜாவுக்கு ஒரு வெவரம் தெரியலை” என்றார்.

“என்ன விவரம்?”

“கல்யாணத்துல மொய் மேசை பாத்திருக்கியா? பொண்ணு வூட்டு ஆள் ஒருத்தரு, மாப்புள வூட்டு ஆள் ஒருத்தரு. ஒருத்தர் காசு வாங்குவாரு, ஒருத்தர் எழுதுவாரு. ஏன்? ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கத்தான். ஒரு ஆளு மட்டும் ஒக்காந்தா தின்னுடுவான். ராஜா ரெண்டு பேரையும் ஒரே மேசையில ஒக்கார வெச்சிருக்கணும்!”

அந்த யோசனையின் அழகில் நான் சொக்கிப்போனேன் என்பதை மறைக்க முடியாது. நம் ஊர்க் கல்யாணங்களில் அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்காத பிள்ளை யார்? ஒருவர் எச்சில் தொட்டு நோட்டை எண்ண, மற்றவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தபடி எழுத, யாரும் யாரையும் ஏமாற்ற முடியாத மேசை அது. எந்த ராஜதந்திரிக்கும் இது தோன்றவில்லையே!

டோ ரோசலின் சிரிக்கவில்லை. “மொய் எழுதறவங்க சாப்பிட்டுட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவாங்க முத்து. இவங்க போவாங்களா?”

“கடன் தீந்தா போய்த்தானே ஆகணும், சயாமா?”

“தீரவிடுவாங்களா?”

“மழை வருது சயாமா” என்றார் அவர். அதற்குள் மிதவை வந்தாக வேண்டும் அவருக்கு.

மிதவையை ஒருவரிடமும் கிரேனை மற்றவரிடமும் கடனுக்கு எடுத்தார். மேசையில் இரண்டு பக்கத்து ஆளுக்கும் நாற்காலி என்று இருவரிடமும் கையெழுத்துப் போட்டார்.

மிதவை துண்டு துண்டாகக் கப்பலில் வந்து இறங்கியது. பட்டனை அழுத்தினேன். சிவப்பு.

அந்தக் காலையை இப்போது நினைத்தாலும் மூக்கில் கொட்டகை வாசனை ஏறுகிறது: நனைந்த சணல், கிரீஸ், யாரோ பிரிக்கும் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் பொட்டலம். ஆள் உயர இரும்புப் பெட்டிகள் வரிசையாக நின்றன. மிதக்கும் மேடை என்று நாங்கள் அறிவித்திருந்தோம். அதிகாரி சுற்றி வந்து பார்த்தார். “இது கட்டடத்துக்குப் போகிற சாதாரண இரும்புப் பெட்டி மாதிரி இருக்கிறதே?” என்று பர்மிய மொழியில் பணிவாகக் கேட்டார். அவர் சந்தேகம் நியாயமானது. அப்படி வகை மாற்றினால் வரி ஏறும். அதைவிட மோசம், சரக்கு கொட்டகையிலேயே கிடக்கும். வெளியே வானம் இருட்டிக்கொண்டு நின்றது.

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். டோ ரோசலின் கையைக் காட்டி அடக்கினார். பெட்டியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். வெல்டிங் வரியை விரலால் தடவிக்கொண்டே போனார். மேல் மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று நகத்தால் கிள்ளிப் பார்த்தார். பக்கவாட்டில் கயிறு கட்டும் வளையங்களை அதிகாரிக்குக் காட்டினார். பிறகு என்னிடம், “ஒரு வாளி தண்ணி கொண்டா” என்றார்.

கொண்டுவந்தேன். மூடியை முடுக்கச் சொல்லி, அதன் மேல் தண்ணீரை ஊற்றினார். எல்லோரும் நின்றோம். அதிகாரி, கூலிக்காரர்கள், நான். ஒரு டீ வாங்கிக் குடித்து முடிக்கும் நேரம்வரை டோ ரோசலின் அசையவில்லை. பிறகு மூடியைத் திறக்கச் சொன்னார். அதிகாரியே உள்ளே கையை விட்டுத் தடவினார். வெளியே எடுத்த கை காய்ந்திருந்தது.

“உள்ள போகாத தண்ணி, வெளிய தாங்கும்” என்றார் டோ ரோசலின் பர்மிய மொழியில். அதிகாரி சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது நான் துள்ளிக்கொண்டிருந்தேன். “ஜெயிச்சுட்டோம் சயாமா!”

“மிதவை ஜெயிச்சுடுச்சு” என்றார் அவர். “மேசைய யாரு சோதிக்கறது?”

முதல் மாதம் அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. மிதவைக் கம்பெனி ஆள் காசு வாங்க, கிரேன் கம்பெனி ஆள் எழுதினார். யாருடைய தவணை முதலில் என்று தினமும் சண்டை. ஒருவர் வெற்றிலை துப்ப எழுந்தால் மற்றவர் டின்னின் மேல் கையை வைத்துக்கொள்வார். அண்ணன் எதிரே நின்று ரசிப்பார். “பாத்தியா மா மேரி? பொண்ணு வூடு, மாப்புள வூடு!” பெண்கள் வழக்கம்போல, “திரும்பறப்போ, அண்ணே!” என்று போனார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதில் மும்முரமாக இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மதியம் போனபோது இருவரும் ஒரே கேரியரிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவர் தட்டில் மீன் எடுத்து வைத்தார். அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“என்ன அண்ணே?”

“சம்பந்தி ஆயிட்டாங்க.”

மொய் மேசையில் உட்காரும் இரண்டு வீடும் அன்றே உறவாகிவிடுகின்றன என்பதுதான் எங்கள் யாருக்கும் தோன்றாமல் போயிற்று. எங்கோ மேலே, இரண்டு கம்பெனிகளும் பேசிக்கொண்டுவிட்டன. ஆற்றின் இந்தப் பகுதி எனக்கு, அந்தப் பகுதி உனக்கு, இந்த மேசை இருவருக்கும். ஒரு வாரத்தில் வாசலில் பலகை ஏறியது: இறங்கியதும் கூலி கட்ட வேண்டும்; கட்டாத கூடை வெளியே போகாது.

அன்று காலை நான் அங்கே இருந்தேன். கீரைக் கூடையோடு வந்த ஒரு பெண், “திரும்பறப்போ, அண்ணே” என்றார் பழக்கத்தில். மேசையில் இருந்தவர் பலகையைக் காட்டினார். அந்தப் பெண் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் டின்னைப் பார்த்தார்.  அந்த வாசலில் அவர் சொல்லுக்கு இனி இடம் இல்லை. தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து அந்தப் பெண்ணுக்காகக் கட்டினார். அடுத்தவருக்கும் கட்டினார். அதற்கடுத்தவருக்குப் பை காலி.

பெண்கள் ஒவ்வொருவராக அந்தப் படித்துறையை விட்டார்கள். கீழே சேற்றில், முழங்கால் அளவு இறங்கி, கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கரை ஏறினார்கள். பளபளக்கும் புது மிதவை காலியாக ஆடிக்கொண்டிருந்தது. கூடைகள் குறைந்ததும் தவணை நின்றது. தவணை நின்றதும் குத்தகை கைமாறியது. அண்ணன் டாலாவுக்கே போய்ப் படகு மோட்டார் பழுது பார்க்க ஆரம்பித்தார். போகும்போது அந்தக் குட்டைக்கால் மேசையைக் கேட்டாராம். அதுவும் பிணையில் சேர்த்தி என்றார்களாம்.

எங்கள் ஆபீஸ் அதற்கப்புறம் நீண்ட நாள் ஓடவில்லை. கடைசி நாள் சாமான்களை ஏலம் போட்டபோது டோ ரோசலின் தன் தேக்கு மேசையைத் தானே கேட்டு வாங்கினார்.  அது இப்போது போட்டாதாங்கில் அவர் வீட்டு வராந்தாவில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நான் போவேன். இருவரும் அதன் இருபுறமும் உட்கார்ந்து, கப்பல் ஊதினால் எந்தக் கப்பல் என்று பந்தயம் கட்டுவோம். அவர்தான் ஜெயிப்பார்.

எனக்குப் பச்சை வழி வேண்டாம், மஞ்சள் வேண்டாம். ஒரே ஒரு சிவப்புக் காலை, அந்தக் கொட்டகை, அந்த வாளித் தண்ணீர் திரும்பக் கிடைத்தால் போதும் என்று ஏங்குவேன். அதைவிட அதிகமாக, வாசலைத் தாண்டிக்கொண்டே ஒரு பெண் திரும்பிப் பார்க்காமல் சொல்லும் அந்த “திரும்பறப்போ, அண்ணே!” காதில் விழ வேண்டும். யாரோ நம்பினார்கள் என்பதைத் தினமும் காலையில் அவ்வளவு சத்தமாக வேறெங்கும் நான் கேட்டதில்லை.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். குரலில் பழைய வேகம்.

“மா மேரி, பீப்பா சேத்துட்டோம்!”

காலி எண்ணெய்ப் பீப்பாய்களும் மூங்கிலும். படகுக்காரர்களும் காய்கறிப் பெண்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, யாரிடமும் கடன் வாங்காமல், ஒரு மிதவை கட்டியிருக்கிறார்கள். போட்டாதாங் கரையில் பெண்கள் இப்போது இறங்கும் அதே சேற்றில் அதைக் கட்டிப் போடுவதாகத் திட்டம். அனுமதிக்கு மனு கொடுத்தாயிற்று. டவுன்ஷிப் ஆபீஸிலிருந்து பதில் இன்னும் வரவில்லை. மேசையை மட்டும் இந்தக் கரையில் போடப் போவதில்லை. டாலாக் கரையில், வீடு திரும்பும் படகுகள் வந்து ஒதுங்கும் இடத்தில் போடுகிறார்கள். அங்கே வாங்கினால் எல்லோருமே திரும்பும்போதுதானே கொடுப்பார்கள்! இதை யார் யோசித்தது என்று கேட்டேன். பலகை ஏறிய அன்று பை காலியாகி அண்ணனால் கூலி கட்ட முடியாமல் போயிற்றே, அந்த மூன்றாவது பெண்தானாம்.

“மேசைதான் இல்ல” என்றார் அண்ணன்.

நான் டோ ரோசலினிடம் சொன்னேன். அவர் வராந்தாவுக்குப் போய், தேக்கு மேசையின் நாலு காலையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார்.

வரும் ஞாயிறு, பூசைக்குப் பிறகு, அதைச் சம்பான் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிறோம். அனுமதி வராவிட்டால் மரத்தடியில் போட்டு வைத்துக் காத்திருப்போம். நாற்காலி ஒன்றுதான் எடுத்துப் போகிறோம். அதுவும் மடக்கு நாற்காலி. அதில் வாரம் ஒருவர் மாறி மாறி உட்காரட்டும், பொழுது சாய்ந்ததும் மடக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும் என்று டோ ரோசலின் சொல்லிவிட்டார்.